பக்கவாட்டில் கிழிந்த டயர்

கருவடிக்குப்பத்து சகாயசெல்வி ஆஸ்பத்திரி வேலைக்குக் கிளம்பும்போது, 1983 காலண்டரில் கிழித்த தாளின் பின்னால் கணவனுக்கு எழுதினாள். டாக்சி ஓட்டும் கிறிஸ்துதாஸ் இன்னும் எழுந்திருக்கவில்லை. முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. "பஞ்சர்தான, ஒட்டியாச்சு. உனக்கு என்னா தெரியும்?" என்று அவன் கத்தியிருந்தான்.

'இட்லி மூடி வச்சிருக்கேன். சாம்பார சுட வச்சுக்குங்க. பின் டயரு கிழிஞ்சிருக்கிறது பக்கவாட்டுல. டியூபை ஒட்டினாலும் டயரு தாங்காது, ஓடும்போதே வெடிச்சிடும். பஞ்சர் ஒட்டின பாவாடையண்ணன் உங்ககிட்டயும் சொன்னாராமே? ஸ்டெப்னிய மாட்டிக்கிட்டு விழுப்புரம் சவாரிக்குப் போங்க.'

அதோடு நிறுத்தத்தான் நினைத்தாள். மனம் கேட்கவில்லை. அடியில் மிச்சமிருந்த இடத்தில் நுணுக்கி எழுதினாள்:

'கோவம் இன்னும் போவல. ஆனா சண்டை போடறதுக்காவது நீங்க முழுசா வீடு வந்து சேரணும்.'

தலையணையோரம் சீட்டை வைத்துவிட்டு நடந்தாள். தெருமுனையை எட்டுவதற்குள் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. சீட்டும் கையுமாக அவன் ஓடிவந்தான்.

"இரு செல்வி. டயர மாத்திட்டு நானே கொண்டாந்து வுடறேன்."

டியூட்டிக்கு நேரமாகிவிடும் என்று தெரிந்தும் அவள் திரும்பினாள்.

"வண்டி உருளாம சக்கரத்துக்கு நான் கல்லு வைக்கிறேன்," என்றாள். "நீங்க ஜாக்கி எடுங்க."