சாமைக் கொல்லையில் விழுந்த பந்து

10-8-87
முதியோர் கல்வி வகுப்பில் கொடுத்த நோட்டில் இது முதல் பக்கம். அறுபத்திரண்டு வயதில் என் பெயரை நானே எழுதிவிட்டேன். செல்லன், கரியாலூர். என் பெண்டாட்டி மூக்காயியிடம் காட்டினேன்.
"அதுல நான் எங்க?" என்றாள்.
அவள் பெயரையும் எழுதினேன். சிரித்துவிட்டாள்.

17-8-87
கோல்ஃப் போட்டிக்கு இன்னும் ஒரு மாதம்! கள்ளக்குறிச்சி ஜவுளிக்கடை காஜா பாய் 84-இல் ஆரம்பித்தது. எங்கள் மாடு மேய்கிற புல்வெளியில் ஒன்பது குழி வெட்டினோம். "மாடு கால உடச்சிக்கினா இன்னா பண்ணுவீங்க?" என்று ஊரே கேட்டது. மெட்ராஸ், பெங்களூர் ஆட்டக்காரர்கள் வந்தார்கள். ஆட்டம்தான் அவர்களுக்குப் பிழைப்பு. முதல் வருசம் பதினொரு பேர், அடுத்த வருசம் இருபது. மூன்று வருசமும் மெட்ராஸ் சுப்புராயனுக்கு நான்தான் மட்டைப் பை தூக்கினேன். அவனும் ஒரு காலத்தில் பை தூக்கியவன். மேட்டில் ஏறும்போது பையை அவனே வாங்கிக்கொள்வான். என்ன நாட்கள்!

23-8-87
எழுதவா, வேண்டாமா? எழுதுகிறேன்.
போன வருசம், கடைசிக் குழி. சுப்புராயன் முதலில் அடித்த பந்து என் சாமைக் கொல்லையில் விழுந்தது. கதிர்களுக்கு நடுவே வெள்ளையாகத் தெரிந்தது. புதுக்கதிரைச் சாமிக்குப் படைக்கும் வரை வெளியாள் கொல்லையில் இறங்கக் கூடாது. பந்து கிடக்கிற இடத்திலிருந்துதான் அடிக்க வேண்டும். காட்டினால் இறங்கிவிடுவான்.
"பாத்தியா செல்லண்ணே?"
"இல்ல தம்பி."
ஐந்து நிமிடம் தேடினான். பிறகு பழைய இடத்துக்கே போய், ஒரு அடியைத் தண்டனையாகக் கூட்டிக்கொண்டு மறுபடி அடித்தான். ஒரே ஒரு அடியில் கோப்பை போனது. போகும்போது எனக்கு டீ வேறு வாங்கிக் கொடுத்தான்.
பந்து இப்போது சாமைப் பானைக்குள் இருக்கிறது. இந்த வருசம் வந்ததும் நேரில் சொல்லிவிடுவேன்.

18-9-87
பஸ் இல்லை. இட ஒதுக்கீடு கேட்டு மறியல். சின்னசேலம் ரோட்டில் மரங்களை வெட்டிப் போட்டிருக்கிறார்களாம்.

27-9-87
காஜா பாய் வந்தார். "ஆட்டம் கிடையாது செல்லா. ஆட்டக்காரங்களக் கேட்டா, மறியல நெனச்சு எல்லாரும் பயப்படறாங்க. இனிமே எப்பவும் கிடையாது" என்றார்.
அப்ப அவன்கிட்ட நான் எப்பதான் சொல்றது?

4-10-87
பாயிடம் சுப்புராயன் விலாசம் வாங்கி, மூன்று நாள் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினேன். யாரிடமும் காட்டவில்லை.

21-10-87
பதில் வந்தது. நானே படித்தேன். இரண்டு முறை.
"செல்லண்ணே, ஒரு வருசமா என் கையத்தான் திட்டிக்கினு இருந்தேன். கோவமாத்தான் இருக்குது. படையல் என்னிக்கி? முடிஞ்சதும் வரேன். பந்த எடுத்த எடத்துலயே வை."

15-11-87
படையல் முடிந்து அறுப்பும் ஆனது. வந்தான். அறுத்த தாள் மட்டும் நின்ற கொல்லையில், பந்தைக் கிடந்த இடத்திலேயே வைத்துக் காட்டினேன். செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினான். கடைசிக் குழியில் மண் மூடியிருந்தது. குழிக்கு அடையாளமாக அந்த இடத்தில் நான் போய் நின்றேன். ஒரு அடி. பந்து என்னிடமிருந்து ஐந்தடி தள்ளி விழுந்தது. ஒரு தட்டு. என் கால் விரலில் வந்து முட்டியது.
மூக்காயி கேட்டாள்: "இந்த ரெண்டு அடிக்கா மெட்ராஸ்ல இருந்து வந்த?"
"ஆமாங்க்கா."
பாயிடம் கேட்டு வாங்கிய, போன வருச ஆட்டத்துக் கணக்கு அட்டையை எடுத்தான். கடைசிக் குழிக்கு ஆறு அடி என்று இருந்தது. பேனாவை என்னிடம் நீட்டினான்.
"எண்ணிப் பாத்து நீயே எழுதுண்ணே."
போன வருசத்து ஒன்று, இன்றைக்கு இரண்டு. பக்கத்தில் 3 என்று எழுதினேன். கீழே என் பெயரையும் எழுதினேன்.