அக்கா விரல்

மார்ச் 4, செவ்வாய்

ஓட்டலில் ஏதோ மாநாடு. சலவைப் பகுதியில் விரிப்புகள் மலைபோல் குவிந்துவிட்டன. இஸ்திரி இயந்திரத்தில் என்னோடு விரிப்பின் மறுமுனையைப் பிடிக்கும் பெண் செல்போனில் ராப் பாட்டு போட்டாள். "கேளுக்கா, இந்தப் பையன் பாட்டுத்தான் இப்போ ஊரெல்லாம்."

முதல் சொல்லிலேயே தெரிந்துவிட்டது. என் தம்பியின் குரல்.

"கதவைச் சாத்தினான் அப்பன், நடுவுல அக்கா விரல் —
கத்தணும் அவ, கத்தல. இது அவ விழுங்கின குரல்!"

விரிப்பு கையிலிருந்து நழுவியது. "என்னக்கா, சுட்டுடுச்சா?" என்றாள். ஆமாம் என்றேன். சுண்டுவிரலை உள்ளங்கைக்குள் மறைத்துக்கொண்டேன்.

மார்ச் 5

என் விரல். அவன் பாட்டு. ஊரே கேட்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

தம்பியைத் தேடிப் போனேன். கார் பட்டறைக்குப் பின்னால் ஓர் அறை, சுவரெல்லாம் பழைய மெத்தைகளை அடித்திருக்கிறான். அங்கேதான் பாட்டுப் பதிவு. பக்கவாதம் வந்த அப்பாவை நான் வீட்டுக்கு அழைத்துவந்ததிலிருந்து அவன் என் வாசல்படி மிதிப்பதில்லை.

"என்னைக் கேட்டியாடா? அது என் விரல்!"

"கட்டிலுக்கு அடியில கிடந்து பாத்தேன்க்கா. நீ கத்தவே இல்ல. அந்தக் கத்தல் இன்னிக்கு வரைக்கும் என் தொண்டையில நிக்குது. பாடினாத்தான் மூச்சு விட முடியுது."

"படுத்த படுக்கையா கிடக்கிற மனுஷன்டா அவர்."

"அன்னிக்கு நல்லாத்தானே நின்னாரு?"

அந்த வரிகளை எடுத்துவிடு என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 14

எடுத்துவிட்டான். புதிய பதிவை அனுப்பியிருக்கிறான். அந்த இரண்டு வரி இருந்த இடத்தில் வெறும் தாளம். எதுவுமே நடக்காதது போல. நான் கேட்டதைத்தானே செய்தான்? பிறகு எனக்கு ஏன் இந்த ஆத்திரம்?

மார்ச் 16, ஞாயிறு

அப்பாவுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தேன். நல்ல கையால் என் கையைப் பிடித்தார்.

"சுண்டுவிரல் ஏம்மா கோணலா இருக்கு?"

நடிக்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. நிஜமாகவே தெரியவில்லை.

"கதவுல மாட்டிக்கிச்சுப்பா."

"பாத்து இருக்கக்கூடாதா?" என்று விரலைத் தடவிக்கொடுத்தார். சின்ன வயதில் இப்படி ஒரு தடவலுக்கு எவ்வளவு ஏங்கியிருப்பேன்! சவரக்கத்தி என் கையில் இருந்தது. கீழே வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

மறந்துட்டாரே. பாவி மனுஷன், எல்லாத்தையும் என்கிட்ட விட்டுட்டு மறந்துட்டாரே —

மார்ச் 23, ஞாயிறு

மறுபடியும் அந்த மெத்தை அறை. இந்தத் தடவை நானே பாடுகிறேன் என்றேன். தம்பி ஹெட்போனை மாட்டிவிட்டான். தாளத்துக்குள் என் வாய் நுழையவே இல்லை. "தாளம் கிடக்கட்டும், பேசுக்கா," என்றான்.

"செஞ்சவர் மறந்தாச்சு. கோணல் விரலுக்குத்தான் ஞாபகம்."

அதன் பிறகு கத்தினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. திரும்பிப் பார்த்தால் தம்பி சுவர் மெத்தையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுகிறான்.

ஏப்ரல் 2, புதன்

அந்த ஞாயிறுக்குப் பிறகு அப்பாவுக்குச் சவரம் செய்ய எனக்குக் கை வரவில்லை. இன்று அவரை முதியோர் இல்லத்தில் சேர்த்தோம். தூக்கிவிட ஆள் வேண்டும் என்றதும் தம்பி வீட்டுக்கு வந்தான். அப்பாவை ஏந்திக்கொண்டுபோய் வண்டியில் உட்காரவைத்தான். அப்பா அவன் கழுத்தை விடவில்லை. விரல் விரலாகப் பிரித்தெடுத்தான், மெதுவாகத்தான்.

"எப்பம்மா வருவே?" என்று அப்பா என்னிடம் கேட்டார்.

வாராவாரம் வருவேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "தெரியலப்பா" என்று வந்தது.