பதினோரு நாளும் ஒன்பது பத்துக்கு

அன்புள்ள சின்னவளுக்கு,

நாங்கள் இருவரும் நலம், உன் அண்ணன் வீட்டிலும் எல்லோரும் நலம், கடையும் ஓடுகிறது. நீ நலமா என்று இந்த முறை நான் வழக்கத்துக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாததால் கேட்கிறேன். தெரிந்துகொள்ள எனக்கு இருந்த ஒரே வழியையும் நீயே கெடுத்து வைத்திருக்கிறாய். போனில் பேசினால் மூன்றாவது வார்த்தையிலேயே எனக்குக் குரல் ஏறிவிடுகிறது, நீயும் "அம்மா, மீட்டிங்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் பேப்பரில் எழுதுகிறேன். முழுக்கப் படி, பாதியில் மடித்து வைத்தால் எனக்குத் தெரியாமல் போகாது.

"ஒரு சின்ன ஆபரேஷன், அதுக்கு இந்த அம்மா பண்ற அலப்பறை" என்று அண்ணனிடம் சொன்னாயாமே. அதனால் என் பக்கத்தில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ அந்த ஊருக்குப் போன இந்த இரண்டு வருஷமாக, ஆபீஸ்காரர்கள் எல்லாம் தங்கள் வேலையைப் பற்றி எழுதிப் போடுகிற அந்தத் தளத்தில் தினம் ஒன்று போடுகிறாய், காலை ஒன்பது பத்துக்கு. கடையில் பொத்தான் ரகம் பிரிக்கிற பெண்தான் என் போனிலும் அதை ஏற்றிக்கொடுத்தாள். ஷட்டரைத் தூக்கி, விளக்கைப் போட்டு, முதல் ஆள் வந்து ஜிப் கேட்பதற்குள் நான் பார்ப்பது உன் போஸ்டைத்தான். கிடங்கில் எந்தச் சரக்கை எந்த அலமாரியில் வைத்தால் எத்தனை நடை மிச்சம் என்று நீ எழுதினால் எனக்குப் புரியும், தலைமைப் பண்பு, மனநிலை என்று எழுதினால் ஒன்றும் புரியாது. ஆனால் புரிவதற்காகவா பார்த்தேன்? உங்கப்பா பின்பக்கத் தையல் அறையில் துணியை வெட்டிக்கொண்டே "சின்னவ போட்டாளா?" என்பார். "போட்டுட்டா" என்பேன். "அப்ப சரி" என்று மறுபடி கத்தரிக்கோலை ஓட்டுவார். போட்டிருக்கிறாள் என்றால் எழுந்திருக்கிறாள், சாப்பிட்டிருக்கிறாள், கை கால் சுகமாக இருக்கிறது, அவ்வளவுதான் எங்கள் கணக்கு. வாரம் ஒரு தடவையாவது கூப்பிடு என்று உன்னை நச்சரிப்பதைக்கூட அதனால்தான் விட்டேன்.

அந்தக் கணக்கில்தான் மண்ணள்ளிப் போட்டாய். போன மாசம் குடல்வால் வெடித்து நீ ஆஸ்பத்திரியில் கிடந்த பதினோரு நாளும் ஒன்பது பத்துக்கு உன் போஸ்ட் வந்தது, ஒரு நிமிஷம் முன்னே பின்னே இல்லை. உன் வயிற்றைக் கிழித்த அன்றைக்கு வந்தது என்ன தெரியுமா, "ஓய்வெடுப்பவனுக்காக உலகம் நின்று காத்திருப்பதில்லை." அதற்கு லைக் போட்டு, கீழே "அப்படித்தான் இருக்கணும் என் பொண்ணு" என்று எழுதிய பைத்தியக்காரி நான்தான். அன்று மத்தியானம் யூனிஃபார்ம் கம்பெனியில் பொத்தான் கொள்முதல் பார்க்கிறவர் வந்தார், அவரும் உன்னைப் படிக்கிறார். "உங்க பொண்ணு ஓயவே மாட்டாங்களாம்மா, எங்க ஆபீஸ்ல தூங்கி வழியுதுங்களே, அதுங்களுக்கு ஒரு வகுப்பு எடுக்கச் சொல்லுங்க" என்றார். "வளர்ப்பு அப்படி சார்" என்று தலையை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். நான் நிமிர்ந்து நின்ற அந்த நேரத்தில் உன் மூக்கில் குழாய் இருந்திருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள், நீ உன்னையே மறைத்துவிட்டாய்.

எப்படித் தெரிந்தது என்பது அதைவிடக் கேவலம். பதினோராம் நாள் நீ போட்டது, தினமும் விடியற்காலையில் மூன்று மைல் ஓடுவதால் என்ன நன்மை என்று. அதற்குக் கீழே உன்னுடன் வேலை செய்கிற ஒரு பெண், "ஆஸ்பத்திரியிலிருந்து எப்போ விடறாங்க? வயித்து வலி பரவாயில்லையா?" என்று கேட்டிருந்தாள். ஊர் பேர் தெரியாத ஆயிரம் பேர் நடந்துபோகிற தெருவில் நின்று என் பெண்ணின் உடம்பைப் பற்றி நான் தெரிந்துகொண்டேன். மூன்று தடவை படித்தேன். எதிரே நின்றவர் கறுப்பு நூல் கேட்டார், நான் வெள்ளையை எடுத்துக் கட்டிக்கொடுத்து அனுப்பினேன், அவர் திரும்பி வந்து "என்னம்மா உடம்பு சரியில்லையா" என்று என்னைக் கேட்டார்.

சாயங்காலம்தான் நீ போனை எடுத்தாய். "அதான் சரியாயிடுச்சே, சொன்னா கடையப் பூட்டிட்டு ஓடி வருவே, யூனிஃபார்ம் சீசன் வேற" என்றாய். பூட்டித்தான் வந்திருப்பேன். பிறகு எதுக்குடி கடை? சரி, குழாயும் ஊசியுமாகப் படுத்துக்கொண்டு எப்படித் தினம் எழுதினாய் என்று கேட்டால், ஏதோ எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி, "நான் எங்கம்மா எழுதினேன், ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து முப்பது எழுதித் தேதி போட்டு வச்சுட்டா, அந்த ஆப் மாசம் பூரா தானா போட்டுக்கும்" என்றாய். ஸ்பீக்கரில் உங்கப்பாவும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் உன்னை ஒன்றும் திட்டவில்லை. நீ வைத்த பிறகு என்னைப் பார்த்து, "அப்ப தினம் காலையில நம்ம யாரைப் பாத்துட்டிருந்தோம்?" என்று கேட்டார். அன்றிலிருந்து அவர் "போட்டாளா" என்று கேட்பதே இல்லை. அந்தக் கேள்வி வராத காலைகள் எனக்கு எப்படிப் போகின்றன என்று எழுத ஆரம்பித்தால் இந்தக் கடிதம் திட்டாக இல்லாமல் ஒப்பாரியாகிவிடும், விடு.

மறுநாள் நீ ஒரு குத்து குத்தினாய் பார், அதற்குத்தான் ஒரு வாரமாகப் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். "நீ மட்டும் கடை ஆரம்பிச்சப்போ காலிப் பெட்டிய அடுக்கி வைக்கலையா? நானும் அதத்தான் செஞ்சேன்" என்றாய். உண்மைதான், மறுக்கமாட்டேன். உங்கப்பாவின் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு பலகை போட்டுப் பொத்தான் விற்க ஆரம்பித்தபோது என்னிடம் இருந்தது ஆறு பெட்டிச் சரக்கு. மற்ற கடைகளில் காலியான பெட்டிகளைக் கேட்டு வாங்கி வந்து, ஒவ்வொன்றின் முகத்திலும் ஒரு பொத்தானைத் தைத்து, கூரை வரைக்கும் அடுக்கினேன். நிறைந்த கடை என்று நினைத்துத்தான் ஆட்கள் உள்ளே வந்தார்கள். அதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் ஒன்று கேள். எந்தப் பெட்டி காலி என்று உங்கப்பாவுக்குத் தெரியும், பள்ளிக்கூடம் விட்டு வந்து கல்லாவுக்குக் கீழே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய உனக்கும் தெரியும். வருகிறவன் மேல் வரிசையைக் காட்டிக் கேட்டால் நீயே "அது நாளைக்குத்தான் வரும் அங்கிள்" என்று சமாளிப்பாய். வாசலுக்கு வெளியே நிற்பவனுக்குத்தான் நாங்கள் நிறைத்துக் காட்டினோம், உள்ளே இருந்தவர்களுக்கு இல்லை. நீ என்னையும் உங்கப்பாவையும் வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டாய். எனக்குக் கோபம் அதில்தான்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். "வாரத்துக்கு அஞ்சாவது போடலைன்னா மறந்துடுவாங்கம்மா, நாளைக்கு நான் தனியாக் கம்பெனி ஆரம்பிக்கும்போது யாருக்கும் பேர் ஞாபகம் இருக்காது. சரி, நீயே சொல்லு எத்தனை போடலாம்னு" என்று குரல் பதிந்து அனுப்பியிருந்தாய். கிண்டலாகத்தான் கேட்டிருப்பாய், நான் வியாபாரமாகவே பதில் சொல்கிறேன். எனக்கு ஜிப் சப்ளை பண்ணுகிற ஒருவன் தினம் காலையில் "புது ரகம் வந்திருக்கு" என்று செய்தி அனுப்புவான், நான் திறந்து பார்த்து எத்தனை மாசமோ ஆயிற்று. நூல்காரர் இரண்டு மாசத்துக்கு ஒருமுறை வருவார், வந்தால் வேலையை நிறுத்திவிட்டு உட்காருவேன், ஏனென்றால் அந்த மனிதர் வெறுங்கையோடு வந்ததே இல்லை. போன வாரம் கூட்டமில்லாத ஒரு மத்தியானம், நானும் கடைப் பெண்ணும் உன்னுடைய ஆறு மாசப் போஸ்டுகளை ஒன்றுவிடாமல் பார்த்தோம். அந்த ஆப் போட்டதற்கெல்லாம் வந்து கைதட்டியவர்கள் அதே இருபது பேர்தான், அதில் நான் ஒருத்தி. ஆட்கள் நின்று கேள்வி கேட்டது இரண்டே இரண்டுக்கு. ஒன்று, லாரி நிற்கும் வாசலைத் தப்பான பக்கத்தில் வைத்த கிடங்கைப் பற்றி எழுதியது. அதற்குத்தான் ஒரு முதலாளி உன் நம்பரைக் கேட்டிருக்கிறார். இன்னொன்று, அலமாரி உயரத்தைக் கணக்குப் போட்ட நீ ஏணியைக் கணக்கில் சேர்க்காமல் மாட்டிக்கொண்டது. இரண்டுமே ஒன்பது பத்துக்கு வந்தவை அல்ல. ஒன்று செவ்வாய் சாயங்காலம், ஒன்று சனிக்கிழமை. உனக்குத் தோன்றி, உன் கையால் எழுதியது எது என்று தெருவில் போகிறவனுக்குக்கூடத் தெரிகிறது, எங்களுக்குத்தான் தெரியவில்லை. ஆகவே பத்து நாளைக்கு ஒன்று போதும், சொல்ல விஷயம் இல்லையென்றால் அதுவும் வேண்டாம். இல்லை, தினம்தான் போடுவேன் என்றால் போட்டுக்கொள், உன் தொழில், உன் சாமர்த்தியம். எங்கள் கணக்கை மட்டும் அதிலிருந்து தனியாகப் பிரித்து வை.

இதில் நானும் யோக்கியம் இல்லை. உங்கப்பா நேற்று, "அவளக் கேக்கறதுக்கு முன்னாடி நீ ஒழுங்கா சொல்லிடு" என்றார். போன வருஷம் சரக்கு அறையில் ஏணியிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டு உடைந்தது, ஐந்து வாரம் மாவுக்கட்டு. நீ வீடியோவில் கூப்பிட்டபோதெல்லாம் கடையில் கூட்டம், அப்புறம் பேசுகிறேன் என்று சொன்னது அதனால்தான், கூட்டமெல்லாம் ஒன்றுமில்லை. இப்போதும் மழைக்காலத்தில் அந்தக் கை குடைகிறது, இந்தக் கடிதத்தையே மூன்று நாளாக எழுதுகிறேன். என் பக்கத்தில் மறைத்தது இவ்வளவுதான், மேஜைமேல் வைத்துவிட்டேன். இனி உன் பக்கம். ஞாயிற்றுக்கிழமை எந்த நேரமானாலும் கூப்பிடு, பேச ஒன்றுமில்லையென்றால் சும்மா இரு, நீ மூச்சு விடுகிற சத்தம் போதும். முகத்தைக் காட்டு, எண்ணெய் வழிந்தாலும் பரவாயில்லை.

அண்ணன் குழந்தைக்குப் பல் முளைக்கிறது, போன வாரம் கொள்முதல்காரர் கொண்டுவந்த, பொத்தான் தைத்த சாம்பிள் அட்டையையே கடித்துவிட்டது, ஒரு பொத்தானைக் காணாமல் இரண்டு மணி நேரம் எல்லோருக்கும் உயிர் போய்விட்டது, கடைசியில் அண்ணி புடவை மடிப்பிலிருந்து விழுந்தது. உனக்கு ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாது என்று கடைக்கு எதிரே இருக்கிற டாக்டரம்மா சொன்னார். கிடங்கில் பெட்டியைத் தூக்கிக் காட்டாதே, வாயால் சொல், தூக்க ஆள் இருக்கிறது. மறுபரிசோதனைக்குத் தேதி கொடுத்திருப்பார்கள், அதைத் தள்ளிப் போடாதே. நோய் நொடிக்கு உன் வாசல் தெரியாமல் போகட்டும், தொடங்கப் போகிற கம்பெனி உன் பேர் சொல்லட்டும், நல்ல துணையும் நல்ல தூக்கமும் உனக்குக் கிடைக்கட்டும்.

இதற்குப் பதிலை உன் கையால் எழுதி அனுப்பு. எழுத்து கோணினால் கோணட்டும். முழுவதையும் உங்கப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "இவ்வளவு திட்டணுமா" என்றார், ஒரு வரியைக்கூட அடிக்கச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, ஒன்று மட்டும் கேட்டு எழுதச் சொன்னார். வயிற்றில் போட்ட தையல் எத்தனை அங்குலம், நேராகப் போட்டிருக்கிறார்களா, சாய்வாகவா. அளந்து எழுது. அது தெரியாமல் மனுஷன் துணியில் கை வைக்க மாட்டேன் என்கிறார்.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா