காவலரணடி மண்

பெப்ரவரி, செவ்வாய்.

இன்றைக்கு இரத்மலானையில் ஒரு ஆமிக்காரன் என்னை மறித்தான். பையில் ஆய்வுக்கு எடுத்த பன்னிரண்டு பொதி மண்ணும், அவற்றை எடுத்த இடங்களைக் குறித்த வரைபடமும் இருந்தன. அடையாள அட்டையில் என் தமிழ்ப் பெயரை வாசித்ததும் அவன் முகம் மாறிவிட்டது. தொழிற்சாலைப் புகையோடு வரும் இரும்புத்தூள் மண்ணில் படியும், மண்ணின் காந்தத்தை அளந்தால் புகை எங்கே கூட விழுகிறது என்று தெரியும் என்று சிங்களத்தில் சொன்னேன். அவன் நம்பவில்லை. பையிலிருந்த காந்தத்தைக் கடதாசியில் சுற்றி ஒரு பொதிக்குள் விட்டெடுத்தேன். கறுப்புத்தூள் அப்பியிருந்தது.

“மிஸ், இதையா நாங்கள் நாள் முழுக்கச் சுவாசிக்கிறோம்?”

வரைபடத்தை அவன் திருப்பித் தரவில்லை. ஆனால் தான் நிற்கிற காவலரணடியில் ஒரு பிடி மண் அள்ளித் தந்தான். “இதையும் அளந்து சொல்லுங்கோ. எனக்கு இருமல் நிற்குதில்லை.”

பின்னேரம் ஆய்வுகூடத்தில் அளந்தேன். எல்லாவற்றிலும் அவன் தந்த மண்ணில்தான் இரும்புத்தூள் கூட.

“இனி அந்தப் பக்கம் போகாதை, பிள்ளை,” என்றா அம்மா. ஓம் என்றேன்.

வெள்ளிக்கிழமை போவேன். காவலிடத்தை மாற்ற அவனால் ஏலாது. எண்டாலும் கேட்டவனுக்குச் சொல்லத்தானே வேணும்.