அடியே வாங்காத வகுப்பு

ஜூலை 8, செவ்வாய்

மண்ணூர்பேட்டைப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பிள்ளைகூட வீட்டில் அடி வாங்கியதில்லை. தகாத தொடுதல் இல்லை. வசவுகூட இல்லை. ஆதாரம்: வளரிளம் பருவத்தினர் சந்தித்த கொடுமைகளை அளக்கும் ஆய்வின் களப் பொறுப்பாளர் ராதிகா, இன்று மதியம் எங்கள் பத்திரிகைக்குப் போனில்.

சொல்லும்போது அவருக்கே குரல் இறங்கியது. அம்பத்தூரின் மற்றப் பள்ளிகளில் பாதிப் பிள்ளைகள் ‘ஆமாம்’ என்று குறித்திருக்கிறார்கள். இங்கே மட்டும் எல்லாம் ‘இல்லை’. வகுப்புக்கே போகாமல் இவருடைய ஆட்கள் உட்கார்ந்து நிரப்பினார்களோ?

ஜூலை 9

ராதிகாவின் அலுவலகத்தில் அந்த வகுப்பின் கேள்வித்தாள்களைப் பார்த்தேன். பெயர் எழுத இடமே கிடையாது. பேனாக்கள் வேறு, டிக் போட்ட கைகள் வேறு. பிள்ளைகள்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் பல தாள்களில் ‘ஆமாம்’ கட்டத்தின் மேல் ஒயிட்னர். ஒன்றில் பிளேடால் சுரண்டித் தாளே கிழிந்திருக்கிறது.

மாற்றச் சொன்னது யார்? வாத்தியாரா?

ஜூலை 11, வெள்ளி

பள்ளி வாசல் டீக்கடையில் வகுப்பாசிரியர் ஏகாம்பரத்திடம் நேராகவே கேட்டேன்.

“நான் தொடவே இல்ல மேடம். சர்வேக்காரங்க ரகசியம்னாங்க, பிரிச்சிகூடப் பாக்கல. பாதில பெல் அடிச்சிருச்சு. திங்கக்கிழமை வந்து வாங்கிக்கிறோம்னு போய்ட்டாங்க. நான் வழக்கம்போல ஊட்ல காட்டிட்டு டைரில சைன் வாங்கினு வாங்கன்னு அனுப்பிட்டேன்.”

“இதையுமா?”

“எதுவானாலும் காட்டணும். இல்லாங்காட்டி, எம் புள்ளைகிட்ட இன்னா எழுதி வாங்கினன்னு என் சட்டையப் புடிப்பாங்க.”

அடிக்கிறவன் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள். வாரப் பரீட்சைத் தாள் மாதிரி. இந்த மனுஷனுக்கு நிஜமாகவே புரியவில்லையா, நடிக்கிறாரா?

கிளம்பும்போது அவரே சொன்னார்: “ஒரு பொண்ணோட தாள் மட்டும் திரும்பல. அன்னிலேர்ந்து அவளும் வரல.”

ஜூலை 12

அந்தப் பெண்ணின் பெயரை இங்கேயும் எழுத மாட்டேன். வீட்டுக்குப் போனேன். அம்மா விஜி, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பேக்கிங் வேலை. கதவைப் பாதி திறந்து “ஜுரம்” என்றார். பார்க்கலாமா என்றேன். “தூங்கினு கீது.”

எதிர்வீட்டு முனியம்மா தெருமுனையில் மடக்கினார். “ஜுரமா? நல்லா சொன்னா போ. அவ அப்பன் அந்தப் பேப்பரை வாசல்ல நின்னு சத்தமா படிச்சான்மா. என்னைப் பத்தி கவருமெண்டுக்கு எழுதிக் குடுக்கிறியான்னு. மறுநாளே அண்ணனூர்ல தங்கச்சி ஊட்ல கொண்டுபோய் உட்டுட்டான். படிப்பு போதுமாம்.”

ஒரே ஒருவர் சொல். ஆனாலும் இரண்டாவது ஆள் கிடைக்கும்வரை காத்திருக்கிற விஷயமா இது? குழந்தைகள் உதவி மையத்துக்கு, 1098-க்குச் சொல்லிவிட்டேன். ஏகாம்பரத்தையும் சொல்லவைத்தேன்.

ஜூலை 15

செய்தி ஆசிரியர் சின்னசாமிக்கு நாளைக்கே கட்டுரை வேண்டும். “பேர் போடாம எழுதுங்க.” வகுப்புக்கு வராதவள் ஒருத்திதான். தெருவுக்கே தெரியும். எழுதவில்லை.

ராதிகா அந்த வகுப்பை ஆய்விலிருந்தே நீக்கப்போகிறாராம். நீக்கிவிட்டால் நடந்ததே வெளியே வராது. அதற்காகத்தானா?

ஜூலை 18, வெள்ளி

உதவி மையத்தினர் உறுதி செய்தார்கள்: பெண் அண்ணனூரில்தான் இருந்திருக்கிறாள். இப்போது காப்பகத்தில். ஜுரம் இல்லை. வலது கையில் மாவுக்கட்டு.

மாலையில் விஜி கூப்பிட்டார். “நானே வந்து சொல்றேன் மேடம். அவருக்குத் தெரிய வேணாம்.” போனில், அவருக்கு மிக அருகில், ஓர் ஆண் இருமுவது கேட்டது.

பெண்ணை என்ன செய்வது என்று முடிவெடுக்கக் குழந்தைகள் நலக் குழு திங்கள் காலை பதினொரு மணிக்கு அமர்கிறது. விஜி வருவாரா, வந்தால் யாருக்காகப் பேசுவார் என்பது அன்றுதான் தெரியும்.