உன் படத்தைக் கழற்றிவிட்டேன் அக்கா

என் செல்ல அக்காவுக்கு,

செம்பாக்கம் ஏரி இந்த வருஷமும் நிறைந்துவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் "ஏரி எப்படிடி இருக்கு?" என்று நச்சரிப்பாய். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன் நம்பரை இன்னும் போனிலிருந்து நான் எடுக்கவில்லை.

உன் வெள்ளிக்கிழமை வகுப்பைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அரசுப் பள்ளியின் கோடி அறை, கடைசி இரண்டு பீரியட், பிள்ளைகளே கேள்வி கேட்டுப் பிள்ளைகளே விடை தேடுகிற வகுப்பு. ஆகாயத்தாமரை பிடுங்கப் பிடுங்க ஏன் முளைக்கிறது, கோவளத்தில் மத்தியானமானால் மீன் விலை ஏன் இறங்குகிறது என்று வாரக்கணக்கில் அதையே நோண்டுவார்கள். வாளி, தராசு, பஸ் டிக்கெட் என்று சின்னச் சின்னச் செலவுதான். ஆனாலும், "இதை எந்தக் கணக்குல டீச்சர் எழுதுறது?" என்று ஹெச்.எம். கையை விரித்துவிடுவார்.

அதற்காகத்தானே நம் சர்ச்சில், காணிக்கையாக வந்த விளைச்சலை ஏலம் விடுகிற அறுப்பின் பண்டிகையில் பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு இறங்கினாய்! ஏலத்தில் எடுத்தவர் பணத்தைக் கட்டிவிட்டு, காயை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் திரும்ப மேஜையில் வைப்பார். அது மறுபடி ஏலம் போகும். ஒரே பூசணிக்காய் சாப்பாட்டு நேரம்வரை சுற்றும். "பிரியாணி வாசனை வந்ததும் கையை இறக்கிட்டீங்களே, தூக்குங்கப்பா!" என்று மைக்கில் நீ போடுகிற சத்தத்துக்கு மகா கஞ்சர்கள்கூடக் கையைத் தூக்குவார்கள். ஒரு வருஷத்து வகுப்பு அதில்தான் ஓடியது.

நீ இல்லாத ஏலத்தில் யாரும் சிரிக்கவில்லை. அழுதுகொண்டே கேட்டார்கள், அழுதுகொண்டே திருப்பி வைத்தார்கள். அந்தக் காய் அவ்வளவு சுற்றி நான் பார்த்ததில்லை. அத்தனையும் உனக்காக அக்கா.

அந்தப் பணத்தில் சர்ச் கமிட்டி உன் வகுப்பு அறைக்கு வெள்ளை டைல்ஸ் போட்டது. சுவரில் உன் படம், மாலை, அதன்மேல் ஒரு சின்ன விளக்கு. வாசலில் கருங்கல்லில் உன் பெயர். திறப்பு விழாவில் எல்லாரோடும் சேர்ந்து நானும் கைதட்டினேன். வாளிக்கு மிச்சம் இருக்கிறதா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஆசையாகப் போய்ப் பார்த்தால் அறை பூட்டிக் கிடந்தது! பிள்ளைகள் வராந்தாவில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். உன் ஏழாம் வகுப்பு பவித்ரா, எந்நேரமும் ஏரிச்சேற்றை மோந்து பார்ப்பாளே, அவள் ஓடிவந்தாள்.

"ரூம்ல சேறு எடுத்துகினு போவக் கூடாதாம் ஆன்ட்டி. டீச்சர் சாமியாயிட்டாங்களாம். சாமி கீற எடத்துல அழுக்குப் பண்ணக் கூடாதாம்."

சேறும் தவளையுமாக இருந்த உன்னையா சாமியாக்கினார்கள்? இதற்கா அத்தனை பேர் கையைத் தூக்கினார்கள்?

நேரே கமிட்டி செயலாளர் சாமுவேல் அண்ணனிடம் போனேன். டைல்ஸை வெயிலில் நின்று பார்த்துப் பார்த்துப் போட்டவர். முகம் சுருங்கிவிட்டது அவருக்கு.

"அக்காவுக்கு மரியாதை செஞ்சது தப்பா சிஸ்டர்?"

"மரியாதை வேணாம் அண்ணே. சாவி வேணும்."

"படத்தை எடுத்துட்டா அடுத்த வருஷம் யாரு குடுப்பாங்க? கண்ணுக்குத் தெரியுற மாதிரி ஒண்ணு இருந்தாதானே ஜனங்க கையைத் தூக்குவாங்க? வாளியைக் காட்டியா கேக்க முடியும்?"

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? பவித்ரா சொன்னதை அப்படியே அவரிடம் சொன்னேன். கேட்டதும் அவரே எழுந்து, "வாங்க, ஹெச்.எம்.மைப் பாப்போம்" என்றார்.

ஸ்டூலில் ஏறி சாமுவேல் அண்ணன்தான் படத்தைக் கழற்றினார். கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்து என் கையில் கொடுத்தார். ஷேர் ஆட்டோவில் தாம்பரம்வரை உன்னை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்திலிருந்த அம்மா, "யாரும்மா?" என்று கேட்டார்கள். எங்க அக்கா என்று சொல்வதற்குள் இறங்குகிற இடம் வந்துவிட்டது.

நேற்று வெள்ளிக்கிழமை. வெள்ளை டைல்ஸ் முழுக்கச் சேறு. கரையோரச் சேறு ஏன் நாறுகிறது, நடு ஏரித் தண்ணீர் ஏன் நாறவில்லை என்று பெரிய சண்டை. உன் படம் இருந்த சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது. போகும்போது தரையைத் துடைத்துவிட்டு, பவித்ரா ஈரத்துணியை அந்த ஆணியில் காயப்போட்டாள். அவள் உன்னை நினைக்கவே இல்லை, அடுத்த வாரச் சேற்றைப் பற்றிப் பேசிக்கொண்டே போனாள். நீ அந்த அறையில் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது அக்கா. அங்கேயே நின்று வாய்விட்டு அழுதேன்.

அடுத்த பண்டிகை ஏலத்தில் மைக்கை நான் கையில் வாங்குகிறேன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்குக் கால் நடுங்கும், உனக்குத் தெரியும். நடுங்கட்டும். பூசணிக்காய்க்குப் பக்கத்தில் அந்தச் சேற்று வாளியை வைத்து, கையைத் தூக்கச் சொல்லிக் கேட்பேன். உன் பெயரைச் சொல்லாமலே கேட்பேன்.

உன் படத்தை வீட்டில் மாட்டிக்கொண்டிருக்கும்,
உன் ஒரே தங்கச்சி