அஞ்சிய குழந்தையைத் தேடிக் கண்ட விவரம்

தலைநகராம் மாடமங்கலத்தில் நெல்லும் நீதியும் குறையாது விளைக. குழந்தைகளின் ஒரே காவலர் எனத் தமக்குத் தாமே பட்டம் சூடியருளிய பேரரசர் விறல்கோ அவர்களின் பெருமந்திரி, அறிவிற் சிறந்த நம்பி அதிகனார் சமுகத்துக்கு, ஆற்றூர்க் கூற்றத்து அதிகாரி ஏறன் சாத்தன் வணங்கி விடுக்கும் ஓலை. இவ்விடம் யாவரும் நலம், பசுக்களும் நலம்.

தங்கள் முரசறைவோனும் இருபது குதிரை வீரரும் கொணர்ந்த அரச ஆணையைத் தலைமேல் வைத்து வாங்கி, ஊரவையில் வாசித்தோம். மலைக்கணவாய் வழியே வந்து இங்கே குடியேறிய உப்பு வணிகரைக் கண்டு நம் குழந்தைகள் நடுங்குகின்றனர் என்றும், அவ்வாறு நடுங்கும் குழந்தை ஒன்றைப் பௌர்ணமிப் பேரவையில் அரியணை அருகே நிறுத்தி அழச்செய்ய அனுப்புக என்றும், குழந்தைகள் எதற்கு அஞ்சுகின்றனரோ அதனை அன்றே ஆற்றுக்கு அப்பால் அகற்றுக என்றும் அதில் கண்டிருந்தது. அவையில் வாசித்துவிட்ட ஆணையை அரசரே ஆனாலும் திருத்தலாகாது என்ற நம் மரபைத் தாங்கள் அறிவீர்கள்.

அவ்வாறே நாற்பத்து மூன்று குழந்தைகளைக் கோயில் மண்டபத்தில் அமர்த்தி, அப்பம் கொடுத்து, எதற்கு அஞ்சுகிறீர்கள் என அடியேன் வினவினேன். அன்னையின் அகப்பை என்றனர் பலர். கோயில் யானை என்றான் ஒருவன். உப்பு வணிகரைக் குறித்துக் கேட்டபோது, அவர்களுடைய கழுதைகள் இன்று ஏன் வரவில்லை என்று என்னையே திருப்பிக் கேட்டனர். முரசறைவோன் பொறுமையிழந்து ஒரு சிறுவனுக்கு அழக் கற்பித்தான். அவனும் நன்றாகவே அழுதான், வெல்லக்கட்டி கைக்கு வந்ததும் நிறுத்திவிட்டான்.

அப்போதுதான் தூணின் பின்னே மெய்யாகவே நடுங்கும் குழந்தை ஒன்றைக் கண்டேன். உப்பு வணிகன் குன்றனின் மகள் மின்னி, ஆறு வயதினள். எதற்கு அஞ்சுகிறாய் என்று கேட்க, முரசைச் சுட்டினாள். “அதக் கொட்டினா எங்க வூட்ட இடிச்சிருவாங்களாம்” என்றாள். அதைக் கேட்ட தோழி அவள் கையைப் பிடித்தாள், பிடித்தவளும் நடுங்கினாள். சற்று நேரத்தில் எல்லாக் குழந்தைகளும் அப்பத்தைக் கீழே வைத்துவிட்டனர். இருபது ஆண்டு அதிகாரம் செய்த அடியேனுக்கு அன்று வெட்கமாக இருந்தது.

ஆணைப்படி அன்றே முரசையும் முரசறைவோனையும் இருபது குதிரை வீரரையும் ஆற்றுக்கு அப்பால் அகற்றினேன். வீரர் முதலில் மறுத்தனர். ஆணையை மீண்டும் வாசித்துக் காட்டியதும் ஓடம் ஏறினர். பேரவையிலும் முரசு உண்டாகையால், மின்னியை அங்கே அனுப்புவது அதே ஆணைக்கு முரண். அவள் தன் வீட்டிலேயே இருக்கிறாள், வீடும் இருக்கிறது.

இதனால் பதவி போகும் என்பதை அறிவேன். ஆகவே இவ்வோலைக்கு முத்திரையிட்ட மோதிரத்தை இதனோடே கட்டி விடுக்கிறேன். அம்மோதிரம் இடும் கடைசி ஆணை இது: முரசு அக்கரையில் புங்கமரத்தடியில் இருக்கிறது. எடுக்க வருவோர் அதனைக் கொட்டாமல் தூக்கிச் செல்க.